விதிப்படி வேலை பார்த்தவர் ஏன் வெளியேற வேண்டி வந்தது? ஹாதோர்ன் வயரிங் அறை: ஒரு நிகழ்வு ஆய்வு

1931 நவம்பருக்கும் 1932 மே மாதத்துக்கும் இடைப்பட்ட காலம். சிகாகோவை ஒட்டிய சிசரோவில் இருந்த ஹாதோர்ன் தொழிற்சாலையின் தனி அறை ஒன்றிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார். அவர் வேலையில் குறை வைத்தவர் அல்லர். நிறுவனத்தின் ஏட்டில் இன்ஸ்பெக்டருக்கு என்ன பங்கு எழுதப்பட்டிருந்ததோ, அதை எழுதியபடியே செய்தவர். அதே அறையில் இன்னோர் இன்ஸ்பெக்டரும் இருந்தார். அவர் மற்றவர்களோடு சூதாடினார், வம்பளந்தார், அவர்களில் ஒருவராகவே கலந்துவிட்டார். அவரை யாரும் தொடவில்லை.

ஒரே பதவி, ஒரே சம்பள வகை, ஒரே அறை. ஒருவர் ஏற்கப்பட்டார், இன்னொருவர் துரத்தப்பட்டார். பங்கு (ஓர் இடத்தில் இருப்பவர் ஆற்ற வேண்டிய பாத்திரம்), அந்தஸ்து, குழு என்ற மூன்று சொற்களையும் சமூகவியல் பாடநூல்கள் தனித்தனி அத்தியாயங்களில் விளக்கிவிட்டுப் போய்விடும். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதிக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க இந்த அறையைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து குறைவு.

களம்

ஹாதோர்ன் ஆலை வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்துடையது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி அமைப்புக்குக் கருவிகள் செய்து தந்த நிறுவனம் அது. 1924இல் அங்கே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து உற்பத்தி மாறுகிறதா என்று சோதித்தார்கள். 1927இல் சில பெண் தொழிலாளர்களைத் தனி அறையில் வைத்து, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 1928 முதல் 1930 வரை ஏறத்தாழ 21,000 தொழிலாளர்களிடம் பேட்டி எடுத்தார்கள். இந்தத் தொடர் ஆய்வுகளோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ஹார்வர்டின் எல்டன் மேயோ.

பேட்டிகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. எவ்வளவு வேலை செய்வது என்பதைத் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே எங்கோ தீர்மானித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டால் இதைப் பிடிக்க முடியாது, சேர்ந்திருக்கும்போது பார்த்தால்தான் பிடிபடும். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடையே களப்பணி செய்துவிட்டு வந்திருந்த மானிடவியலாளர் லாயிட் வார்னர் அப்போது ஆய்வாளர்களுக்கு ஆலோசகர். தொலைதூரச் சமூகம் ஒன்றைக் கவனிப்பதுபோல இந்தத் தொழிலாளர்களையும் கவனித்தால் என்ன என்ற பார்வை அவர் வழியாக வந்தது.

எனவே தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்கு வயரிங் செய்யும் துறையிலிருந்து 14 ஆண்களைத் தனி அறைக்குக் கொண்டுவந்தார்கள். முந்தைய சோதனைகளைப் போல எதையும் மாற்றவில்லை. வேலை, கூலி, மேலாளர்கள் எல்லாம் பழையபடியே. அறைக்குள் ஒரு பார்வையாளர் உட்கார்ந்திருந்தார், அறைக்கு வெளியே ஒரு பேட்டியாளர் இருந்தார். பார்வையாளருக்குக் கண்டிப்பான விதிகள் உண்டு: உத்தரவு போடக் கூடாது, விவாதத்தில் கட்சி சேரக் கூடாது, கேட்டதை மேலே சொல்லக் கூடாது. முதலில் தொழிலாளர்கள் அவரைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். பார்க்கக் கூடாத சிலவற்றைப் பார்த்தும் அவர் வாய் திறக்கவில்லை என்று தெரிந்த பிறகு, சில வாரங்களில் சகஜமானார்கள்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. 'யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் கூடுதலாக உழைப்பார்கள்' என்பதை ஹாதோர்ன் விளைவு என்று சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். அதே ஆலையில், ஒரு பார்வையாளர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க, ஆறு மாதத்துக்கும் மேலாக இந்த 14 பேரும் தங்கள் வேகத்தைத் தங்கள் கணக்குப்படியே வைத்திருந்தார்கள். இந்தப் பாதியை யாரும் அவ்வளவாக மேற்கோள் காட்டுவதில்லை.

ஏட்டில் இருந்த வரிசை

14 பேரில் 9 பேர் வயர்மேன்கள், 3 பேர் சால்டரிங் செய்பவர்கள் (கம்பியை முனையோடு ஈயம் உருக்கிப் பற்றவைப்பவர்கள்), 2 பேர் இன்ஸ்பெக்டர்கள். வேலை இப்படி நடக்கும். விசிறி வடிவத்தில் இருக்கும் 'பேங்க்' ஒவ்வொன்றிலும் 100 அல்லது 200 உலோக முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒரு சட்டத்தில் வரிசையாகப் பொருத்தி, முனைக்கு முனை கம்பியைச் சுற்றி இழுத்துக்கொண்டே போவார் வயர்மேன். ஓர் அடுக்கு முடிந்ததும் அடுத்த கருவிக்கு நகர்ந்துவிடுவார். முடித்த அடுக்கில் சால்டரிங் நடக்கும், பிறகு இன்ஸ்பெக்டர் சோதிப்பார். ஒரு சால்டரிங் ஆள் மூன்று வயர்மேன்களுக்கு. அறை முழுவதையும் இரண்டு இன்ஸ்பெக்டர்கள் ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

முன்பக்கம் இருந்த 6 வயர்மேன்கள் 'கனெக்டர்' வகைக் கருவிக்கு வயரிங் செய்தார்கள், பின்பக்கம் இருந்த 3 பேர் 'செலக்டர்' வகைக்கு. இரண்டிலும் கைவேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் செலக்டரில் தொடங்கி, ஆண்டுகள் ஏற ஏறக் கனெக்டர் பக்கம் முன்னுக்கு வருவது வழக்கமாகியிருந்தது. கருவியின் பெயரே அந்தஸ்தின் பெயராகிவிட்டது. கனெக்டர்காரர்கள் தங்களை ஒரு படி மேலாகவே நினைத்தார்கள். செலக்டர்காரர்களுக்கும் அது தெரியும், பிடிக்காமலும் இருந்தது.

1936இல் மானிடவியலாளர் ரால்ஃப் லின்டன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் போட்டார். அந்தஸ்து என்பது சமூக அமைப்பில் ஒருவர் நிற்கும் இடம், அதற்குரிய உரிமைகளும் கடமைகளும் சேர்ந்த தொகுப்பு. பங்கு என்பது அந்த உரிமை கடமைகளை அவர் நடத்தையில் செயல்படுத்துவது. பிறப்பால் வருவதும் முயன்று அடைவதும் என்று அந்தஸ்தை இரண்டாகப் பிரித்தவரும் அவரே. அந்தக் கணக்கில் வயரிங் அறையின் அந்தஸ்துகள் அனைத்தும் அடையப்பட்டவைதான். ஆனால் எங்கிருந்து பார்த்தாலும் ஒரு சந்தேகம் வருகிறது: செலக்டர் வயர்மேன் தன் அந்தஸ்தை 'அடைந்தார்' என்று எப்படிச் சொல்வது? அவரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அடையப்பட்ட அந்தஸ்து என்று நாம் வகைப்படுத்தும் பல இடங்களில் உண்மையில் காத்திருக்கும் வரிசைதான் இருக்கிறது.

ஏட்டில் இல்லாத வரிசை இன்னும் சுவாரசியம். வயர்மேனுக்குக் கம்பி சுற்றிச் சுற்றி அலுத்துவிட்டால் சால்டரிங் ஆளிடம் வேலையை மாற்றிக்கொள்ளக் கேட்பார். நிறுவன விதிப்படி இது கூடாது, ஆனாலும் நடந்தது. கேட்பவர் வயர்மேனாகவும், முணுமுணுக்காமல் மாற்றிக்கொள்பவர் சால்டரிங் ஆளாகவும்தான் பெரும்பாலும் இருந்தார்கள். யாரும் யாருக்கும் மேலாளர் இல்லை. ஆனாலும் ஒருவருடைய அலுப்பு இன்னொருவருக்கு உத்தரவாக மாறுகிறது.

எல்லோருக்கும் கீழே, அந்த 14 பேர் கணக்கிலேயே வராத ஒருவர்: உதிரிப் பாகங்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, முடிந்த கருவிகளை எடுத்துப்போகும் ஆள். முடிந்த கருவியில் அவர் ஓர் அடையாள முத்திரை குத்த வேண்டும். அவர் குத்த வரும்போது, சரியாக முத்திரை விழ வேண்டிய இடத்தில் எச்சிலைத் துப்பிவைப்பார்கள். குத்தும் கையைத் தட்டிவிடுவார்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது விலாவில் கிச்சுகிச்சு மூட்டுவார்கள். தங்களுக்குள் ஆயிரம் சண்டை இருந்தாலும் இந்த விஷயத்தில் அறை முழுவதும் ஒரே கட்சி. ஒரு குழுவின் எல்லை எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமானால், அது யாரோடு சேர்ந்து சிரிக்கிறது என்பதைவிட யாரைப் பார்த்துச் சேர்ந்து சிரிக்கிறது என்று பார்ப்பது உத்தமம். உட்குழு, வெளிக்குழு என்று சமூகவியலாளர் வில்லியம் கிரகாம் சம்னர் 1906இல் பெயர் வைத்தது இதற்குத்தான்.

6,600

கூலிமுறையைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். தனியாளுக்குத் தனிக் கணக்கு கிடையாது. துறை முழுவதும் ஒரு வாரத்தில் செய்து முடித்த கருவிகளுக்கு ஒரு மொத்தத் தொகை. அதை ஒவ்வொருவருடைய மணிக்கூலி விகிதத்தையும் உழைத்த நேரத்தையும் வைத்துப் பிரித்தார்கள். அந்த மணிக்கூலி விகிதமோ அவரவர் உற்பத்தித் திறனை ஒட்டியது. நிறுவனத்தின் தர்க்கம் எளிது: நீ கூடுதலாகச் செய்தால் மொத்தமும் கூடும், உன் விகிதமும் கூடும். ஆகவே எல்லோரும் முடிந்தவரை உழைப்பார்கள், சோம்பியவரை மற்றவர்களே உந்துவார்கள்.

நிறுவனம் வைத்த இலக்கு மணிக்கு 914 இணைப்புகள், 8 மணி நேர நாளுக்கு 7,312. அறையில் இருந்தவர்களுக்கு அந்த எண்ணைப் பற்றித் தெளிவே இல்லை. அவர்களிடம் வேறோர் எண் இருந்தது. கனெக்டரில் ஒரு நாளைக்கு இரண்டு கருவி, அதாவது 6,600 இணைப்பு. அதுதான் 'ஒரு நாள் வேலை'. அதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, எழுதிவைக்கவில்லை, எப்போது வந்தது என்றும் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த எண் நெருங்கியதும் கை தளர்ந்துவிடும்.

அதைவிட நுட்பமான ஒன்று. அன்றன்றைய உற்பத்தியைக் கணக்கெடுக்கும் குரூப் சீஃப், அதாவது அறையின் நேரடி மேற்பார்வையாளர், பெரும்பாலும் தொழிலாளி சொன்ன எண்ணையே எழுதிக்கொண்டார். அதிகம் செய்த நாளில் கொஞ்சத்தை மறைத்துவைத்து, குறைந்த நாளில் சேர்த்துச் சொல்வார்கள். அதனால் ஏட்டில் உற்பத்திக் கோடு வாரக்கணக்கில் ஏறாமல் இறங்காமல் நேராக ஓடியது. நேர்கோடு என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். திடீரென்று ஒரு நாள் ஏறிவிட்டால், 'நேற்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை?' என்று மேலிருந்து ஒருவர் வந்துவிடுவார். தங்கள் பங்கை மேலாளர்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் தொழிலாளர்களே வடிவமைத்தார்கள்.

இந்த எண்ணைச் சுற்றி நான்கு எழுதாத விதிகள் இருந்தன. மிக அதிகமாக வேலை செய்தால் நீ ரேட்டை, அதாவது வேலைக்கான கூலி அளவை, கெடுப்பவன். மிகக் குறைவாகச் செய்தால் அடுத்தவன் உழைப்பைச் சுரண்டுபவன். சக தொழிலாளிக்குக் கேடு வரும்படி மேலாளரிடம் ஒன்றைச் சொன்னால் போட்டுக்கொடுப்பவன். நான்காவது விதிக்கு அவர்களிடம் ஒரே சொல் இல்லை. அதன் உள்ளடக்கம் இது: விலகி நிற்காதே, பந்தா காட்டாதே, இன்ஸ்பெக்டராகவே இருந்தாலும் இன்ஸ்பெக்டர் மாதிரி நடந்துகொள்ளாதே.

மீறினால்? முதலில் பட்டப்பெயர்: 'அடிமை', 'வேக ராஜா' என்பது போல. அடுத்தது 'பிங்கிங்'. ஒருவர் இன்னொருவரின் மேற்கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, ஓங்கி ஒரு குத்து விடுவார். வாங்கியவருக்குப் பதிலுக்கு ஒரே ஒரு குத்து விட உரிமை உண்டு. பார்த்தால் விளையாட்டு. சில நேரம் விளையாட்டேதான். ஆனால் வேகமாக வேலை செய்பவரின் கையில் குத்து விழும்போது அது விளையாட்டு இல்லை என்பது குத்தியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும், ஆனால் யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இந்த இரட்டைத்தன்மையில்தான் குழுவின் கட்டுப்பாடு நிற்கிறது. நேராகத் தண்டித்தால் எதிர்க்கலாம், புகார் செய்யலாம். விளையாட்டாகத் தண்டித்தால் எதிர்ப்பவன்தான் விளையாட்டுத் தெரியாதவன் ஆகிவிடுவான்.

சரி, குறைவாகச் செய்தவர் திறமை குறைந்தவரோ? ஆய்வாளர்கள் அறிவுத்திறன் சோதனையும் கைத்திறன் சோதனையும் வைத்துப் பார்த்தார்கள். உற்பத்தியில் கடைசியில் இருந்தவர் அறிவுத்திறனில் முதலிடம், கைத்திறனில் மூன்றாமிடம். உற்பத்தியில் முதலில் இருந்தவர் கைத்திறனில் ஏழாமிடம், அறிவுத்திறனில் கடைசி. ஒன்பதே பேரை வைத்துப் பெரிய முடிவுக்குப் போக முடியாதுதான். ஆனால் உற்பத்தி எண் என்பது ஒருவருடைய விரல்களின் வேகத்தை அளக்கவில்லை என்பது தெளிவு. பின் எதை அளந்தது?

இரண்டு செட்

அறைக்குள் இரண்டு செட் உருவாகியிருந்தது. முன்பக்கச் செட்டில் 1, 3, 4ஆம் வயர்மேன்கள், ஒரு சால்டரிங் ஆள், ஏற்கப்பட்ட அந்த இன்ஸ்பெக்டர். பின்பக்கச் செட்டில் 7, 8, 9ஆம் வயர்மேன்களும் அவர்களுடைய சால்டரிங் ஆளும். வேகமானவர்களில் ஒருவரான 2ஆம் வயர்மேன் முன்பக்க விளையாட்டுகளில் மட்டும் ஓரமாகச் சேர்ந்துகொள்வார், பேச்சில் கலக்க மாட்டார். இன்னொரு வேகக்காரரான 6ஆம் வயர்மேன் பின்பக்கத்தோடு திரிந்தாலும் அங்கே முழுதாக ஏற்கப்படவில்லை. 5ஆம் வயர்மேன், குரூப் சீஃபுக்கும் மேலதிகாரியான போர்மேனிடம் போட்டுக்கொடுத்தவர் என்று பெயரெடுத்ததால் இரண்டு பக்கமும் இல்லை.

முன்பக்கம் காசு சுண்டுவார்கள், சீட்டாடுவார்கள், சம்பளச் சீட்டில் இருக்கும் எண்களை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள், வாதம் செய்வார்கள். பின்பக்கம் பிங்கிங், கூச்சல், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்ற தகராறு. இடைவேளையில் முன்பக்கத்தார் கொஞ்சமாக நல்ல சாக்லேட் வாங்குவார்கள். பின்பக்கத்தார் மலிவான மிட்டாயை நிறைய வாங்குவார்கள். முன்பக்கத்தாரைக் கேட்டால் 'எங்கள் பேச்சு தரமானது, அவர்கள் வெறும் கூத்து' என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே அறையில் ஒரே கம்பியைச் சுற்றும் இளைஞர்கள். உள்ளே ஒரு முழு வர்க்க அமைப்பு.

இனி உற்பத்தி ஏட்டை இந்தப் படத்தின்மேல் வைத்தால் விஷயம் விளங்கும். மிகக் குறைவான உற்பத்தி பின்பக்கச் செட்டினுடையது. முன்பக்கத்தார் 6,600ஐ ஒட்டி இருந்தார்கள். 'பின்னால் இருப்பவர்கள் எங்கள் உழைப்பைச் சுரண்டுகிறார்கள்' என்று முன்பக்கம் புகார் சொன்னது. தங்களைக் கீழாகப் பார்ப்பவர்களை எரிச்சலூட்டப் பின்பக்கத்திடம் இருந்த ஒரே ஆயுதமும் அதுதான்: இன்னும் கொஞ்சம் மெதுவாகச் செய்வது. மொத்தத் தொகையில் எல்லோருக்கும் பங்கு உண்டு அல்லவா? அந்தஸ்து தாழ்ந்ததால் உற்பத்தி குறைந்தது, உற்பத்தி குறைந்ததால் அந்தஸ்து தாழ்ந்தது. சோம்பேறியை மற்றவர்கள் உந்துவார்கள் என்று நிறுவனம் கட்டிய கூலிமுறை, ஒரு செட் இன்னொரு செட்டைக் குத்தும் கருவியாக மாறிப்போனது.

சமூகவியலாளர் ஜார்ஜ் ஹோமன்ஸ் 1950இல் இந்தப் பதிவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது ஒரு தொடர்பைச் சுட்டினார்: ஒருவர் குழுவின் நெறிகளுக்கு எவ்வளவு நெருக்கமாக நடக்கிறாரோ, குழுவில் அவர் அந்தஸ்தும் அவ்வளவு உயர்கிறது. அறையில் எல்லோருக்கும் மிகவும் பிடித்தவர் 3ஆம் வயர்மேன். வாதங்களில் அவர் சொல் எடுபடும், மற்றவர்கள் யோசனை கேட்டுப் போவார்கள். எந்தப் பதவியும் இல்லாத தலைவர். தலைவராக வேண்டும் என்று வெளிப்படையாக ஆசைப்பட்ட 6ஆம் வயர்மேனுக்கோ அது கிட்டவே இல்லை. வேகமாக வேலை செய்ததோடு, மற்றவர்களை அதட்டவும் செய்தார். முதல் விதியும் நான்காவது விதியும் ஒன்றாக உடைந்தன.

ஒன்று மட்டும் செட் எல்லையைத் தாண்டியது: உதவி. யாராவது பின்தங்கிவிட்டால் இன்னொருவர் போய் அவருக்காகக் கொஞ்சம் வயரிங் செய்துகொடுப்பார். நிறுவன விதிப்படி இதுவும் தடைதான். ஆனால் முன்பக்கம், பின்பக்கம் என்று பார்க்காமல் நடந்தது. ஆறு மாதம் ஒருவரை ஒருவர் கிண்டலடித்த அறையில் இது நடந்தது என்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. நேருக்கு நேர் நெருங்கிப் பழகும் சிறு குழுவைச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1909இல் முதன்மைக் குழு என்று சொன்னபோது அன்பு மட்டுமே நிறைந்த இடத்தைச் சொல்லவில்லை. போட்டியும் அதில் உண்டு, ஆனால் 'நாம்' என்ற உணர்வுக்கு உள்ளே அடங்கிய போட்டி என்றுதான் சொன்னார்.

இன்ஸ்பெக்டர்

இப்போது அந்த இன்ஸ்பெக்டரிடம் திரும்பலாம். இன்ஸ்பெக்டர்கள் வேறொரு பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய மேலாளர் வேறு. வயர்மேனின் வேலையைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அந்த வகையில் மேலே. ஆனால் அறையின் குழுவில் பிறந்து வளர்ந்தவர்கள் அல்லர். அந்த வகையில் வெளியே. மேலே, ஆனால் வெளியே என்ற இந்த நிலையை இரண்டு விதமாக வாழலாம். 'மேலே'யை விட்டுக்கொடுத்து உள்ளே வரலாம், அல்லது மேலேயே நின்று வெளியிலேயே இருக்கலாம். முதல் இன்ஸ்பெக்டர் முதல் வழியைத் தேர்ந்தார்.

இரண்டாமவர் தேர்ந்த வழி எப்படிப் போனது என்று பார்க்க வேண்டும். யாரும் அவரோடு சண்டை போடவில்லை. அவருடைய சோதனைக் கருவி அடிக்கடி 'வேலை செய்யாமல்' போனது. வேலை அவரிடம் வந்து குவிந்தது. பேச்சுக் கொடுத்தே அவரைக் குழப்பினார்கள். அவர் தடுமாறுவதைப் பார்க்க எல்லோரும் காத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு எதிரே இருப்பவர் ஒத்துழைத்தால்தான் இன்ஸ்பெக்டர் இன்ஸ்பெக்டராக இருக்க முடியும். பங்கு என்பது ஒருவர் தனியாக ஆடும் ஆட்டம் அன்று. எதிர்ப்பங்கில் இருப்பவர் தன் அடியை எடுத்துவைக்க மறுத்தால், விதிப்புத்தகம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயன் இல்லை.

பொறுக்க முடியாமல் அவர் மேலே போய் நடந்ததைச் சொன்னார். நிறுவனத்தின் பார்வையில் அது முறையான புகார். அறையின் பார்வையில் அவர் மூன்றாவது விதியையும் உடைத்துவிட்டார்: போட்டுக்கொடுத்தவர். செய்தி அறைக்குத் தெரிந்த பிறகு அவர் அங்கே இருக்க வழியில்லாமல் போயிற்று. நிறுவனம் செய்ததைக் கவனியுங்கள். அறையில் ஒருவரையும் தண்டிக்கவில்லை, புகார் சொன்னவரை மாற்றியது. எழுதாத விதிக்கு எழுதிய விதி வழிவிட்டது.

குரூப் சீஃப்

அதிகம் பேசப்படாத ஆள் ஒருவர் உண்டு: குரூப் சீஃப். வேலை மாற்றிக்கொள்வதைத் தடுக்க வேண்டியவர், எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டியவர், அரட்டையை அடக்க வேண்டியவர். எல்லாவற்றையும் பார்த்தார், பெரும்பாலானவற்றைக் கண்டும் காணாமல் விட்டார். அவர் கோழை என்று நினைத்துவிடக் கூடாது. நாள் முழுவதும் அவர் அந்த ஆட்களோடுதான் இருக்க வேண்டும். விதியைக் கறாராக அமல்படுத்தினால் மேலே நல்ல பெயர், ஆனால் கீழே ஒரு வேலையும் நடக்காது. மேலே உள்ளவர்களுக்கு வேலைதான் நடக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் அவரைத்தான் கேட்பார்கள்.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1957இல் சொன்ன 'பங்குத் தொகுதி' இதுதான்: ஓர் அந்தஸ்துக்கு ஒரு பங்கு அல்ல, அந்த அந்தஸ்தைச் சுற்றி நிற்கும் ஒவ்வொரு வகை ஆளோடும் ஒரு பங்கு. ஒருவர் எதிர்பார்ப்பதை இன்னொருவர் மறுப்பார். அவற்றிடையே மோதல் வெடிக்காமல் காப்பது எது என்றும் மெர்ட்டன் கேட்டார். ஒருவர் பார்க்கும்போது இன்னொருவர் பார்க்காமல் இருப்பது ஒரு வழி. வயரிங் அறையில் அப்படியே நடந்தது. போர்மேன் உள்ளே வந்தால் அறை அடங்கிவிடும், சீட்டு மறையும், எல்லோரும் கம்பி சுற்றுவார்கள். பதவி உயர உயர, அறையின் உண்மை குறைவாகத் தெரிந்தது. மேலே போன உற்பத்தி எண்களும் நேர்கோடு. மேலாளர்களுக்கு அந்த எண் மோசமாகவும் படவில்லை. குரூப் சீஃப் மறைத்ததால்தான் எல்லோரும் தங்கள் தங்கள் பங்கை நிம்மதியாக ஆட முடிந்தது.

ஆய்வாளர்கள் சொன்னதும் சொல்லாததும்

1939இல் ஹார்வர்டின் ரோத்லிஸ்பெர்கரும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் டிக்சனும் முழு அறிக்கையை வெளியிட்டார்கள். ஏன் குறைத்து உழைக்கிறீர்கள் என்று கேட்டபோது தொழிலாளர்கள் சொன்ன காரணங்கள்: கூடுதலாகச் செய்தால் ரேட்டைக் குறைப்பார்கள், இலக்கை ஏற்றுவார்கள், ஆட்களைக் குறைப்பார்கள், மெதுவானவர்களைத் திட்டுவார்கள். இவை எதுவும் இவர்களுடைய நேரடி அனுபவத்திலிருந்து வந்தவை அல்ல என்று அறிக்கை வாதித்தது. ஆகவே கட்டுப்பாட்டின் உண்மையான வேலை, வெளியிலிருந்து வரும் மாற்றங்களிலிருந்து குழுவின் உறவுகளைக் காப்பது. தொழிலாளர்கள் உணர்ச்சியின் தர்க்கத்தில் நடந்தார்கள், நிறுவனம் செலவுக் கணக்கின் தர்க்கத்தில் நடந்தது என்பது அதன் விளக்கம்.

இந்த இடத்தில்தான் எனக்கு அறிக்கையோடு ஒத்துப்போக முடியவில்லை. காலத்தைப் பாருங்கள்: 1931-32, பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுப்பகுதி. ஆலையில் ஆட்கள் குறைந்துகொண்டே இருந்தார்கள். வேலை இல்லாமல்தான் இந்த ஆய்வே 1932 மே மாதம் நின்றது. இருக்கும் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டால் அடுத்து என்ன என்ற பயம் உணர்ச்சி மட்டும்தானா? தன் கையில் சூடு பட்டால்தான் நெருப்பு சுடும் என்று நம்ப வேண்டும் என்று கேட்பது தொழிலாளியிடம் மட்டும் வைக்கப்படும் நிபந்தனையாகத் தெரிகிறது. மேலாளர்கள் அஞ்சினால் அதற்கு முன்னெச்சரிக்கை என்று பெயர்.

சமூகவியலாளர் டொனால்ட் ராய் 1944-45இல் ஓர் இயந்திரப் பட்டறையில் ரேடியல் டிரில் என்ற துளையிடும் இயந்திரத்தின் தொழிலாளியாகவே வேலை பார்த்து, 1952இல் தன் குறிப்புகளை வெளியிட்டார். அங்கே தனித்தனிப் பீஸ் ரேட், அதாவது அவரவர் செய்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி. ரேட் நன்றாக இருந்த வேலையில் ஓர் அளவுக்குமேல் போகாமல் நிறுத்திக்கொண்டார்கள், அதிகம் சம்பாதித்தால் ரேட் போய்விடும் என்று. ரேட் மோசமான வேலையில் வேண்டுமென்றே இழுத்தடித்தார்கள், எப்படியும் கட்டாது என்று. இரண்டிலும் கணக்கு இருந்தது, நல்ல கூர்மையான கணக்கு. ராயின் பட்டறையை வைத்து ஹாதோர்னைத் தீர்ப்பிட முடியாது. ஆனால் குழு நெறி என்றாலே அறிவுக்குப் புறம்பான ஒட்டுதல் என்று படிப்பது தவறு என்பதற்கு அது போதும். குழுவின் உறவுகளைக் காப்பதும் வேலையைக் காப்பதும் ஒரே 6,600க்குள் இருந்திருக்கலாம்.

இன்னொரு குறையும் உண்டு. பார்வையாளரின் பங்கும் இந்த அறையின் பங்குகளில் ஒன்று. 'போட்டுக்கொடுக்காதவர்' என்ற அந்தஸ்தை அவர் சம்பாதித்த பிறகுதான் அவருக்கு உண்மை தெரிந்தது; அதாவது குழுவின் மூன்றாவது விதிக்கு அவரும் கட்டுப்பட்டார். அப்படிச் சேர்ந்தவர் எழுதும் குறிப்பு, பின்பக்கச் செட்டைப் பற்றி முன்பக்கச் செட் சொல்வதை எவ்வளவு தூரம் தன் பார்வையாகவே எடுத்துக்கொண்டிருக்கும்? தள்ளுவண்டி ஆள் இந்த அறையைப் பற்றி என்ன நினைத்தார் என்பதற்கு அறிக்கையில் இடம் கிடைக்கவில்லை. அவர் 14 பேரில் ஒருவர் அல்லர்.

வேறொரு குழுவை இதே கண்ணோடு ஆராயப் போகிறவர்களுக்குப் பதவிப் பட்டியல் கடைசியில் போதும். முதலில் பார்க்க வேண்டியவை சின்னச் சின்ன நடப்புகள்: வேலையை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பவர் யார், மறுக்க முடியாதவர் யார், குத்து வாங்கினால் திருப்பிக் குத்தும் உரிமை யாருக்கு இருக்கிறது, மேலாளர் உள்ளே வரும்போது எது மறைகிறது, யாருடைய கருவி அடிக்கடி பழுதாகிறது. இவற்றைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு அலுவலக ஏட்டைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.